மௌத்து குறைந்ததால் பெருகிய சனம்

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக இந்த நாட்டில் சனத்தொகை என்ற சொல் கணக்குச் சொல்லாக இல்லை, குற்றச்சாட்டாக இருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் கிடந்த கட்டியை மலடாக்கும் மாத்திரை என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அடுத்த வருடம் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்தது. அதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டு கதைக்கும் அடியில் கிடந்தது ஒரே நினைப்புத்தான்: முஸ்லிம்கள் பெருகுகிறார்கள், அந்தப் பெருக்கம் திட்டம் போட்டு நடக்கிறது.

இதற்கு எங்கட பக்கத்தில் வழக்கமாக இரண்டு பதில் வரும். ஒன்று, "எல்லாம் பொய்." மற்றது, "பிள்ளை அல்லாஹ் தாறது." முதற் பதில் அரைவாசி சரி. இரண்டாவது எங்கள் ஈமான். அதை வைத்துப் புள்ளிவிபரத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது. ஒரு சமூகம், ஒரு நாடு, ஏன் முழு உலகமே எப்போது, எதனால் பெருகியது என்பது ஒரு சரித்திரக் கேள்வி. அதற்குச் சரித்திரத்தில்தான் பதில் தேட வேண்டும். அதிர்ஷ்டவசமாக, உலக சனத்தொகை வரலாற்றை எழுதுபவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் உதாரணங்களில் ஒன்று இலங்கை.

முதலில் உலகக் கணக்கை விரைவாகப் பார்த்துவிடலாம். மனிதன் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய காலத்தில், ஏறத்தாழ 10,000 வருடங்களுக்கு முன், பூமியில் இருந்தவர்கள் ஒரு கோடிக்கும் குறைவு. ஈஸா நபியின் காலத்தை அண்டி 20 முதல் 30 கோடி. 1500ஆம் ஆண்டளவில் 50 கோடிக்குக் கிட்ட. அதாவது 1500 வருடத்தில் ஒருமுறை இரட்டிப்பாவதே பெரும் பாடாக இருந்திருக்கிறது. 1804 அளவில் 100 கோடி. அடுத்த 100 கோடிக்கு 123 வருடம் பிடித்தது (1927). அதற்கடுத்ததற்கு 33 வருடம் (1960). பிறகு 1974, 1987, 1999, 2011 என்று ஓட்டமாக வந்து, 2022 நவம்பர் 15இல் 800 கோடி தொட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது.

அந்த நீண்ட மந்த காலத்தில் பெண்கள் குறைவாகப் பெற்றார்களா? இல்லை. ஐந்து, ஆறு, அதற்கும் மேல் பெற்றார்கள். ஆறு பெற்றும் சனம் கூடாமல் அப்படியே நின்றது என்றால், அந்த ஆறில் வளர்ந்து பிள்ளை பெறும் வயதுக்கு வந்தவர்கள் சராசரி இரண்டு பேர்தான் என்று அர்த்தம். மிச்ச நால்வர் மண்ணுக்குப் போனார்கள். எங்கட ஊர்களில் அந்தக் காலத்து மூத்தும்மாமாரிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால் ஒரு எண் சொல்லமாட்டார்கள், இரண்டு எண் சொல்வார்கள்: பெத்தது இத்தனை, இருக்கிறது இத்தனை. உலக சனத்தொகை வரலாறு முழுவதும் அந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான்.

வித்தியாசம் எவ்வளவு கொடூரமாக இருக்கலாம் என்பதற்கு எங்கள் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. 1344இல் பாவா ஆதம் மலையைத் தரிசிக்க இங்கு வந்த இப்னு பதூதா, நான்கு வருடம் கழித்து 1348இல் டமஸ்கஸில் நின்றபோது அங்கு தாஊன் என்ற கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. அதே நோய் தூனிஸ் நகரில் இப்னு கல்தூனின் தாய் தகப்பனையும் அவரது உஸ்தாதுமார் பலரையும் கொண்டுபோனது. அவருக்கு அப்போது பதினாறு பதினேழு வயது. எகிப்திலும் ஷாமிலும் சனத்தில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது என்பது பொதுவான மதிப்பீடு. பிற்காலத்தில் முகத்திமாவை எழுதும்போது இப்னு கல்தூன் இந்த அழிவை ஒரு கண்ணீர்க் கதையாக எழுதவில்லை. சனம் குறைந்தால் தொழில் குறையும், தொழில் குறைந்தால் நகரம் தேயும், ஆட்சி கெட்டால் பஞ்சமும் கொள்ளைநோயும் கூடும் என்று ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் பார்த்தார். சனப்பெருக்கத்தைப் பயந்து மல்தஸ் பாதிரியார் 1798இல் எழுதியதை எல்லோரும் படிக்கிறார்கள். அதற்கு நான்கு நூற்றாண்டுக்கு முன் சனக்குறைவைப் பயந்து எழுதிய எங்கள் ஆளை அந்தக் கண்ணால் படிப்பவர்கள் குறைவு.

பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த சோளமும் உருளைக்கிழங்கும் வத்தாளையும் மரவள்ளியும் ஐரோப்பாவிலும் சீனாவிலும் ஆபிரிக்காவிலும் பஞ்சத்தின் கூரை மழுக்கின. இங்கிலாந்தில் மட்டும் கதை கொஞ்சம் வேறு: அங்கு முதலில் கூடியது பிறப்பு. கூலி கிடைத்ததால் இளவயதிலேயே கலியாணம் முடித்தார்கள். ஆனால் உலகப் பொதுக் கதை மரணம் பின்வாங்கிய கதையே. அதில் முதல் தோல்வி கண்டது பெரியம்மை. அம்மைப் பாலைக் கீறி ஏற்றும் துருக்கிப் பெண்களின் வழக்கத்தைக் கண்டு 1717இல் கடிதம் எழுதியவர் அங்கிருந்த ஆங்கிலத் தூதுவரின் மனைவி மேரி மொண்டேகு. 1721இல் இலண்டனில் தன் மகளுக்கே அதைச் செய்வித்தார். 1796இல் ஜென்னர் பசு அம்மைக்கு மாறினார். 1802இல் அந்தத் தடுப்பூசி இலங்கைக்கு வந்தது.

இனி இலங்கை. இங்கு முதல் முழுக் குடிசனமதிப்பீடு 1871இல் நடந்தது: 24 இலட்சம் பேர். 1901இல் 35 இலட்சத்துக்கு மேல், 1931இல் 53 இலட்சம். இந்தக் காலத்து வளர்ச்சியில் பெரும் பங்கு கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். உள்ளூரில் பிறப்பும் அதிகம், மௌத்தும் அதிகம்.

மௌத்து எவ்வளவு அருகில் நின்றது என்பதை 1934 காட்டியது. அந்த வருடம் தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி, மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைக் காவும் நுளம்புக்கு இப்படி வெயில் படும் தெளிந்த குட்டைகள்தான் வேண்டும். வழக்கமாக வறண்ட பிரதேசத்து நோயாக இருந்த மலேரியா, நோயெதிர்ப்பு இல்லாத ஈரவலயச் சனத்துக்குள் இறங்கியது. கேகாலை, குருநாகல் பகுதிகள் மிக மோசம். பொருளாதார மந்தத்தால் ஏற்கெனவே அரைவயிறாகக் கிடந்தவர்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மௌத்தானார்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவருடைய இடதுசாரித் தோழர்களும் கிராமம் கிராமமாகக் கொயினாவும் சாப்பாடும் கொண்டு போனது இந்த நாட்களில்தான். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

பதினொரு வருடம் கழித்து நடந்தது இதற்கு நேர்மாறு. 1946இல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். 1947இல் 14 பேர். ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைவு. உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 141இலிருந்து 101 ஆகின. ஐரோப்பாவில் இந்த இறக்கத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

என்ன நடந்தது? உடனே சொல்லப்பட்ட பதில் டீ.டீ.டி. யுத்தம் முடிந்த கையோடு 1945இல் பரீட்சார்த்தமாகவும், அடுத்த வருடத்திலிருந்து பெருமளவிலும் வீட்டுச் சுவர்களுக்கு அந்த மருந்து அடிக்கப்பட்டது. சுவரில் வந்து ஒட்டும் நுளம்பு செத்தது, மலேரியா சரிந்தது, சனம் பெருகியது. இவ்வளவுதான் கதை என்று மேலைநாட்டு நூல்கள் எழுதின. வெளியிலிருந்து வந்த ஒரு மருந்து பின்தங்கிய நாட்டின் மௌத்தை நிறுத்திவிட்டது, ஆனால் பிறப்பை நிறுத்தவில்லை, இனி இவர்கள் உலகத்தையே தின்று முடிப்பார்கள் என்ற பயத்துக்கும் இலங்கை உதாரணமானது.

ஆனால் கணக்கைக் கிண்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. மருந்தே அடிக்காத, மலேரியா பெரிதாக இல்லாத மாவட்டங்களிலும் அதே 1947இல் மரணம் குறைந்திருந்தது. கொழும்பிலும் குறைந்தது. கொழும்பில் குறைந்ததற்கு மலேரியா நுளம்பு செத்தது காரணமாக முடியுமா? பீட்டர் நியூமன் என்ற ஆய்வாளர் யுத்தத்துக்குப் பிந்திய மரண வீழ்ச்சியில் 42 வீதத்தை மலேரியா ஒழிப்பின் கணக்கில் போட்டார். கிரே என்பவர் 1974இல் திரும்பக் கணக்குப் பார்த்து 23 வீதம் என்றார். எங்கள் நாட்டு ஆய்வாளர் எஸ். ஏ. மீகமவும் 1967இலேயே மலேரியாவுக்குக் கொடுக்கப்பட்ட பங்கு அதிகம் என்று வாதிட்டவர். இந்த விவாதம் இன்றும் முற்றாக முடியவில்லை. என் அபிப்பிராயத்தில் மீகமவின் பக்கம் கனமானது. மருந்தடிப்பு வறண்ட பிரதேசத்துக்குப் பெரும் விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் மருந்து வந்து இறங்கிய நாடு வெறும் நாடாக இருக்கவில்லை.

ஏனென்றால் அதற்கு முன்பே பல வேலை நடந்திருந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கியது. அங்கிருந்துதான் பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு தேடி வரும் வழக்கம் நாடெங்கும் பரவியது. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வருபவரிடம் ஊர்ச்சனம் கேட்டது பாதை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. யுத்தகாலத்தில் 1942இலிருந்து பங்கீட்டு அரிசி வந்தது. கூப்பன் அரிசி என்று இன்று கேலியாகச் சொன்னாலும், பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் பங்கீட்டில் அரிசி கிடைத்தது. 1945இல் இலவசக் கல்வி. சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்து சேர்ந்தன. டீ.டீ.டி. இவ்வளவுக்கும் மேல் அடிக்கப்பட்டது.

பெண்களின் கணக்கைத் தனியே பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1946இல் இந்நாட்டில் பிறக்கும் ஆண் குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஏறத்தாழ 44 வருடம், பெண் குழந்தைக்கு 42. இயற்கையில் பெண்ணுக்குத்தான் ஆயுள் கூட இருக்க வேண்டும். இங்கு குறைந்திருந்ததற்குப் பெரிய காரணம் பிரசவம். ஆயிரம் பிரசவத்துக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். எட்டுப் பத்துத் தடவை பிள்ளைப்பேற்றுக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இது என்ன ஆபத்து என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மலேரியாவோடு கர்ப்பம் சேர்ந்தால் இன்னும் மோசம். 1960களில்தான் பெண் ஆயுள் ஆண் ஆயுளை முந்தியது. சனத்தொகைப் பெருக்கம் என்று நாங்கள் சொல்வதில் இந்த உம்மாமார் உயிர் தப்பியதும் அடக்கம்.

விளைவு உடனே தெரிந்தது. 1946இல் 66 இலட்சமாக இருந்த சனம் 1953இல் 81 இலட்சம். 1963இல் ஒரு கோடியே 6 இலட்சம், 1981இல் ஒரு கோடியே 48 இலட்சம். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் பெருகினார்கள். நுளம்பு ஆளின் சாதி பார்த்துக் கடிக்கவில்லை.

மலேரியா பின்வாங்கியதில் எங்களுக்கு வேறொரு விளைவும் இருந்தது. இதைச் சனத்தொகை நூல்கள் பெரிதாகப் பேசுவதில்லை. வறண்ட பிரதேசம் குடியேற்றத்துக்குத் திறந்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. கிழக்கு மாகாணத்தில் 1946இல் பத்து வீதத்துக்கும் கீழ் இருந்த சிங்கள மக்கள் 1981இல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அது பிறப்பால் வந்ததல்ல. ஆட்கள் இடம் மாறியதால் வந்தது. சனத்தொகை விகிதம் மாறினால் உடனே கருப்பையைப் பார்ப்பவர்கள் இந்த எண்ணையும் பார்க்கலாம்.

நுளம்பின் கதையில் ஒரு பின்குறிப்பு. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வென்றாயிற்று என்று மருந்தடிப்பைத் தளர்த்தினார்கள். 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். உலக சுகாதார ஸ்தாபனம் மலேரியா அற்ற நாடென்று சான்று தந்தது 2016 செப்டம்பரில். சுவாரசியம் என்னவென்றால், 1969இல் நோய் அவ்வளவு திரும்பியும் மரண வீதம் 1946 நிலைக்கு ஏறவில்லை. மீகமவின் பக்கத்துக்கு இதுவும் ஒரு சாட்சி.

மரணம் குறைந்த பிறகு பிறப்பும் குறையத் தொடங்கியது. இது எல்லா நாட்டிலும் நடக்கிறது, இடைவெளிதான் வேறுபடுகிறது. பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்தபின் பத்துப் பெற வேண்டிய தேவை இல்லை. இலங்கையில் ஆரம்பத்தில் பிறப்பைக் குறைத்தது மாத்திரையைவிடக் கலியாண வயதுதான். பெண்ணின் சராசரிக் கலியாண வயது 1946இல் ஏறத்தாழ 21; 1981இல் 24க்கு மேல். பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளை பிந்திக் கலியாணம் முடித்தாள், அதனால் குறையப் பெற்றாள்.

இங்கே எங்கள் சமூகம் பின்னால் நின்றது. பெண்கல்வி எங்களுக்குள் பிந்தி வந்தது, கலியாணம் முந்தி நடந்தது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளைக்குக் காழியின் அனுமதி வேண்டும் என்பதைத் தவிர, வயதெல்லை வைக்கப்படவில்லை. ஆகவே மற்றவர்களின் பிறப்பு வீதம் இறங்கிய அளவுக்கு எங்களுடையது இறங்கவில்லை. இதில் இரகசியத் திட்டம் எதுவும் கிடையாது; இருந்தது கல்வியில் ஏற்பட்ட ஒரு தலைமுறைத் தாமதம். மார்க்கம்தான் காரணம் என்பவர்களுக்கு ஈரானைக் காட்டலாம். 1980களின் நடுவில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல் என்றிருந்த பிள்ளைகள், 2000ஆம் ஆண்டளவில் இரண்டு. உலகிலேயே மிக வேகமான இறக்கங்களில் ஒன்று அது. வங்காளதேசத்திலும் ஆறேழு இருந்த இடத்தில் இப்போது இரண்டுக்கு மேல் சொற்பம். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் அஸ்லைப் பற்றிப் பேசி, அதை ஆகுமானதென்றே முடிவு செய்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இப்போது விகிதக் கணக்கு. 1881இல் இலங்கைச் சனத்தில் சோனகர் 6.7 வீதம். சரியாக நூறு வருடம் கழித்து 1981இல் 7.1 வீதம். ஒரு நூற்றாண்டில் அரை வீதம்கூட நகரவில்லை! 2012இல் 9.3 வீதம். இந்த முப்பத்தொரு வருட ஏற்றத்தைத்தான் மேடையில் காட்டுகிறார்கள். ஆட்களாக எண்ணினால், முஸ்லிம்கள் பத்தரை இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 19 இலட்சமானார்கள். கூடியது எட்டரை இலட்சம். அதே காலத்தில் சிங்கள மக்கள் கூடியது 42 இலட்சத்துக்கு மேல், அவர்களுடைய விகிதமும் 74.0இலிருந்து 74.9 ஆக ஏறியது. வேகத்தில் எங்கள் வளர்ச்சி அவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இரு சமூகங்களின் விகிதமும் ஒன்றாக ஏறுகிறது என்றால் வேறு யாருடையதோ இறங்கியிருக்க வேண்டும். இலங்கைத் தமிழர் 12.7இலிருந்து ஏறத்தாழ 11 வீதமானார்கள். மலையகத் தமிழர் 5.5இலிருந்து 4 வீதமளவில் வந்தார்கள். 1946இல் அவர்கள் 11.7 வீதம் என்பதை மறக்கக்கூடாது. குடியுரிமைப் பறிப்பு, 1964 ஒப்பந்தத்தின் கீழ் கப்பலேற்றியது, பிறகு யுத்தம், இலட்சக்கணக்கில் வெளிநாட்டுக்கு ஓட்டம், யுத்த மரணம். எங்கள் விகிதம் கூடியதில் ஒரு பகுதி பக்கத்து வீட்டுக்காரன் இல்லாமல் போனதால் வந்தது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கட சனமும் அதே யுத்தத்தின் கணக்கில்தான் வருகிறது. அவர்கள் நாட்டுக்குள்ளேயே புத்தளத்துக்கும் மற்ற இடங்களுக்கும் போனதால் மொத்த எண்ணில் அந்த இழப்புத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய நிலைமை பெருக்கமே அல்ல. 2024 மதிப்பீட்டில் நாட்டின் சனம் 2 கோடியே 17 இலட்சம். வருட வளர்ச்சி அரை வீதம். 2019இல் மூன்று இலட்சத்துக்கு மேல் பதிவான பிறப்புகள் 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கின. உலக வளர்ச்சி வீதமும் 1960களில் இரண்டு வீதத்தைத் தாண்டி உச்சம் தொட்டு, இப்போது ஒரு வீதத்துக்குக் கீழ் வந்துவிட்டது.

ஆய்வுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அரசாங்கப் பதிவுகளில் 1934-35 கொள்ளைநோயும் 1947 வீழ்ச்சியும் மாவட்ட வாரியாகக் கிடைக்கின்றன, ஊர் வாரியாக அல்ல. பழைய பள்ளிவாசல்களில் எங்காவது மையித்து அடக்கிய பதிவேடோ, மரைக்காயர்மாரின் கணக்குக் கொப்பியோ, கபன் துணிக்குக் காசு கொடுத்த பற்றுச்சீட்டோ இருந்தால், அந்த வருடங்களில் எத்தனை கபுறு வெட்டப்பட்டது, அதில் எத்தனை சின்னக் கபுறு என்று எண்ணிவிடலாம். கறையான் அரிப்பதற்கு முன் யாராவது ஊரூராய்ப் போய் அதைப் படம் பிடித்தால், கிழக்கிலும் குருநாகல், புத்தளம் பக்கத்திலும் எங்கட சனம் எந்த வருடம் மௌத்தின் பிடியிலிருந்து தப்பியது என்று எங்கள் பதிவைக் கொண்டே எழுத முடியும்.